கிட்டங்கிக்கு மேலே ஓர் அறை

அக்டோபர் 14, செவ்வாய்

திண்டுக்கல் வந்தாயிற்று. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். மதுரையிலிருந்து தினமும் வந்து போகலாம்தான். ஒன்றரை மணி நேரம். ஆனாலும் தங்கிவிடுவது வசதி என்று தோன்றியது. கடைசி மாடியில் அறை கேட்டு வாங்கினேன். தலைக்கு மேல் இன்னொரு தளம் இருந்தால் இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை.

வேலை, ஒரு பழைய புகையிலை வியாபாரியின் வீட்டில். ராவுத்தர் குடும்பம். நூற்று முப்பது வருடத்து வீடு என்கிறார்கள். தெருவைப் பார்த்துக் கடை. கடையை ஒட்டி உள்ளே போக ஒடுக்கமான நடை. நடுவில் முற்றம். முற்றத்துக்குக் கிழக்கே சரக்கு வைக்கும் கிட்டங்கி, அதற்கு மேல் ஒரு மாடியறை. வருகிற 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து நாற்பது பேர் சுற்றுலாவாக வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் கட்டடம் உறுதியாக இருப்பதாக நான் சான்று எழுதித் தர வேண்டும்.

ஏற்பாடு எல்லாம் சிக்கந்தருடையது. முப்பது வயதிருக்கும். சென்னையில் வேலை பார்த்தவர். அப்பா இஸ்மாயில் ராவுத்தர் ஜூலையில் இறந்த பிறகு ஊருக்கே வந்துவிட்டார். “மதுரைல உங்களப் பத்தி விசாரிச்சேன் மேடம். இழுத்தடிக்காம எழுதிக் குடுத்துருவீங்கன்னு சொன்னாங்க” என்றார். நன்றி சொன்னேன்.

கடையில் இருப்பவர் சிக்கந்தரின் சின்னத்தா, அப்பாவின் தம்பி, செய்யது ராவுத்தர். பலகை மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் இலைக் கட்டுகள் கருத்துத் தொங்கின. பக்கத்துத் தட்டில் சுருட்டுகள். வெல்லமும் மழை நனைத்த மண்ணும் சேர்ந்தது போல ஒரு வாசனை, அதற்கு அடியில் காரம். உள்ளே காலை வைத்ததும் தும்மினேன். மூன்று தும்மல். “அம்புட்டுத்தான். இனிமே தும்ம மாட்டீக” என்றார். அப்படியேதான் ஆயிற்று. ஒரு பூக்காரம்மா வந்து நின்றாள். அவள் வாய் திறக்குமுன் ஒரு இலையை உருவி, நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு, வாழைச் சருகில் மடித்துக் கொடுத்தார். “அவ வந்தா இந்த எல தான். வேற குடுத்தா மறுநாள் வந்து சண்ட போடுவா.”

இரவு சாப்பாடு இரண்டு இட்லி. மாத்திரை போட்டேன்.

அக்டோபர் 15, புதன்

கிட்டங்கியை அளந்தேன். நீளம் முப்பத்திரண்டு அடி, அகலம் பதினான்கு. நடுவில் ஒரே உத்தரம், பர்மாத் தேக்கு, என் இரண்டு கைகளுக்கும் அடங்காத பருமன். மாடியறையின் பாரம் முழுக்க அதன் மேல். சிக்கந்தர் சரக்கையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, பழைய தராசுகளையும் படங்களையும் மாட்டியிருக்கிறார். விளக்குப் போட்டுப் பார்க்க அழகாக இருக்கிறது.

கிழக்குச் சுவரில், உத்தரத்தின் முனை உள்ளே போகிற இடத்துக்குக் கீழே ஒரு விரிசல். புது வெள்ளையிலேயே தெரிகிறது. “பூச்சுதான மேடம்?” என்றார் சிக்கந்தர். பார்க்கலாம் என்றேன். விரிசலின் குறுக்கே மூன்று கண்ணாடித் தகடுகளைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதினேன். சுவர் அசைந்தால் தகடு உடையும். சுவர் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும். 

குறிப்பேட்டில் ‘பூச்சு வெடிப்பு’ என்று எழுதி, அடித்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

மழை. என் வக்கீல் இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

அக்டோபர் 18, சனி

இன்று மாடியறைக்குப் போனேன். அங்கே ஒருவர் இருக்கிறார் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சிக்கந்தரின் தாயார் ஜொகரா. கணவர் இறந்து இத்தா இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள், வெளியாண்கள் முன் வருவதில்லை. முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. கொத்தனாரோ வேறு எவருமோ அந்த அறைக்குள் போக முடியாது. “நீங்க பொம்பள. நீங்க போய்ப் பாருங்க” என்று செய்யது ராவுத்தர்தான் அனுப்பினார். 

வெள்ளைச் சேலை, கையில் தஸ்பீஹ் மணி. அறுபது வயதிருக்கும். என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தது. தரையில் ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஊற்றினேன். தண்ணீர் ஒரு கணம் நின்றது. பிறகு கிழக்குச் சுவரைப் பார்த்துப் போனது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “விடியக்காலைல தொழுக உக்காரும்போது கீழ ஒரு சத்தம் கேக்கும் தாயி. கடக்குனு. வயசான ஆளு சொடக்கு எடுக்குற மாதிரி.”

“எத்தன நாளா?”

“கிட்டங்கிய காலி பண்ணதுல இருந்து. ஆவணி கடைசில பொகையிலச் சிப்பத்தையெல்லாம் எடுத்தானுக. அதுக்கு முந்தி ஒரு நாளும் இல்ல.”

“வீட்டுல சொன்னீங்களா?”

இல்லை என்று தலையை அசைத்தார். “அவுக மவுத்தான நாள்ல இருந்து எம்மகன் சிரிச்சு நான் பாக்கல. இந்தக் காரியம் எடுத்ததுக்கப்புறம்தான் வேளாவேளைக்குச் சாப்பிடுறான். நான் சொன்னேன்னு அவங்கிட்ட சொல்லிராதீக.”

சொல்ல மாட்டேன் என்றேன்.

கீழே வந்து ஏணி போட்டு உத்தரத்தின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினேன். வெள்ளைக்கு அடியில் சாக்கின் நெசவு பதிந்திருந்தது. கட்டம் கட்டமாக, விரலுக்குத் தெரிகிறது. செய்யது ராவுத்தரிடம் கேட்டேன். கூரை முட்டச் சிப்பம் அடுக்குவது அவர்கள் வழக்கமாம். முப்பது வருடம் முன்பு வரை இலைக்குப் பதம் போடுவதும் அங்கேதான்: உப்புத் தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் கலந்து, கிழக்குச் சுவரோரம் தொட்டியில். அந்தச் சுவர் உப்புக் குடித்த சுவர். உத்தரத்தின் முனை உள்ளே என்ன கதியில் இருக்கிறது என்று தெரியாது. இத்தனை வருடம் அதைத் தாங்கியது சுவர் அல்ல. சரக்கு.

இதை எழுதிவிட்டேன். நாளைக்கு மறுபடி யோசிக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மதுரைக்குப் போகவில்லை. நாள் முழுக்க வெடி. ஒவ்வொன்றுக்கும் எழுந்து உட்கார்ந்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நடுத் தகடு உடைந்திருந்தது. நேர்க்கோடாக, இரண்டாக. வெடி அதிர்ச்சியாகவும் இருக்கலாம். மூன்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டித் தேதி போட்டேன். 

அக்டோபர் 22, புதன்

கொத்தனார் சவரிமுத்துவை வரவழைத்தேன். சுவரைச் சுத்தியால் தட்டிக்கொண்டே போனார். உத்தர முனைக்குக் கீழே வந்ததும் சத்தம் மாறியது. அவர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

“மேடம், இத ஒடச்சுப் பாத்துரலாம். முட்டுக் குடுத்துட்டு ஒடைக்கணும்.”

சிக்கந்தர் குறுக்கிட்டார். “ஒடச்சா என்னைக்கு முடியும்ணே?”

“பத்து நாளு ஆகும் தம்பி.”

“ஞாயித்துக்கெழம நாப்பது பேரு வர்றாங்க. டிக்கெட் போட்டுட்டாங்க. இது நடக்கலன்னா அடுத்து ஒருத்தனும் வரமாட்டான்.” பிறகு என் பக்கம் திரும்பி, “மேடம், நூத்திமுப்பது வருஷம் நின்ன வீடு. ஒரு நாள் நிக்காதா?” என்றார்.

இதே வார்த்தைகளை நான் வேறோர் ஊரில், வேறொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ‘இந்த முகூர்த்தம் மட்டும் போகட்டும் மேடம்.’ அப்போது வெயில் காலம்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

சான்று கொடுத்தேன். நிபந்தனையோடுதான். ஒரு நேரத்தில் கிட்டங்கிக்குள் பத்துப் பேர். மழை பெய்தால் யாரும் நுழையக் கூடாது. ஒரு மாதத்துக்குள் சுவரைத் திறந்து பார்க்க வேண்டும். மாடியை ‘யாரும்’ பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்தேன். ‘பார்வையாளர்கள்’ என்று மாற்றச் சொன்னார் சிக்கந்தர். மாற்றினேன்.

நிபந்தனையோடு கொடுப்பது சட்டப்படி சரியானது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வக்கீல் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். விசாரணை நவம்பர் 3. ‘நீங்கள் பார்வையிட்ட அன்று தூணில் விரிசல் இல்லை என்பதே நம் தரப்பு. உறுதிப்படுத்தவும்.’

அக்டோபர் 24, வெள்ளி

தகடுகளைப் பார்க்கப் போனேன். மூன்றும் முழுதாக இருந்தன. மூன்றிலும் 21 என்று தேதி.

ஒன்று என்ற எண்ணை நான் வெறும் கோடாகப் போடுவேன். இந்த ஒன்றுக்கு மூக்கு இருந்தது. சாந்து ஈரம்.

சிக்கந்தர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். “எல்லாம் நல்லாருக்குல்ல மேடம்?” அவர் கை நகத்தில் சாந்து காய்ந்திருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். திருட்டு முகம் இல்லை அது. தூங்காத முகம். எனக்குப் பழக்கமான முகம்.

இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 25, சனி

மழை. துணி துவைத்தேன், காயவில்லை. செய்யது ராவுத்தருக்குச் செய்தி எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். சாயங்காலம் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பினேன். மாடியறை ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

காலை ஒன்பதரைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. பேருந்து எட்டரைக்கே வந்துவிட்டதாம். முற்றத்தில் முப்பத்தெட்டுப் பேர், கையில் நன்னாரி சர்பத். ஆண்களும் பெண்களும், சிலர் படம் எடுத்துக்கொண்டு. சிக்கந்தர் வெள்ளைச் சட்டையில் அவர்களிடம், அவருடைய முன்னோர்கள் வண்டி கட்டிக் கொல்லம் வரை புகையிலை கொண்டுபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நன்றாகவே சொன்னார்.

நான் கிட்டங்கிக் கதவைத் தள்ளினேன். பாதிக்கு மேல் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு விரலால் திறந்த கதவு. உள்ளே எட்டிப் பார்த்தேன். கிழக்குச் சுவரடியில் புதிதாக வெள்ளைத் தூள் கொட்டிக் கிடந்தது. கண்ணாடித் தகடு மூன்றும் தரையில்.

சிக்கந்தரைத் தனியே கூப்பிட்டேன். “எல்லாரையும் வெளிய அனுப்புங்க. அம்மாவக் கீழ கூட்டிட்டு வாங்க. இப்பவே.”

“மழைக்கு மரம் ஊதியிருக்கு மேடம்.”

“கதவு நிலை நசுங்குது சிக்கந்தர். உத்தரம் எறங்குது.”

பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். “இது உங்க கையெழுத்துத்தான? மூணு நாள் முந்தி சரியா இருந்தது, இன்னைக்கு எப்படி சரியில்லாமப் போச்சு?”

குரல் கேட்டுக் கடையிலிருந்து செய்யது ராவுத்தர் எழுந்து வந்தார். நான் அந்தத் தாளை வாங்கவில்லை. அதற்குப் பதில் சொன்னால் நேரம் போகும் என்று நினைத்தேன். ஆனால் சொல்லாமல் அவர் நகர மாட்டார் என்பதும் தெரிந்தது.

“அன்னைக்கும் சரியா இல்ல. தெரிஞ்சுதான் போட்டேன்” என்றேன். “போன வருஷமும் இப்படி ஒண்ணு போட்டேன். ஒரு கல்யாண மண்டபம். சாப்பாட்டுக் கூடத்துத் தூண்ல விரிசலப் பாத்தேன். பூச்சு வெடிப்புன்னு எழுதிக் குடுத்தேன். பதினோரு நாள்ல விழுந்துச்சு. பாத்திரம் கழுவிக்கிட்டிருந்த ஒரு பொண்ணு செத்துப்போனா. பேச்சியம்மா. முப்பத்தொரு வயசு. அவ பேர நான் இதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்ல.”

சிக்கந்தர் நீட்டிய தாளை இறக்கினார்.

“உங்கம்மா ஒரு மாசத்துக்கு மேல கீழ சத்தம் கேட்டுக்கிட்டிருக்காங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு எங்கிட்ட வாக்கு வாங்குனாங்க. நான் மீறுறேன்.”

“அம்மா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே.” மாடியை நிமிர்ந்து பார்த்தார். தாள் கையிலேயே இருந்தது.

செய்யது ராவுத்தர் அவர் தோளைத் தொட்டார். “பேச நேரமில்ல. நீ நடைக்குப் போயி ஆளுகள ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பு. ஓட விடாத. இன்ஜினியரம்மா, மதினிய நீங்கதான் கூட்டியாரணும்.”

மாடிப்படி முற்றத்திலிருந்துதான் ஏறுகிறது. ஏறினேன். கடந்த ஒரு வருடமாக நான் எந்தக் கட்டடத்திலும் சுவரை விட்டு நடுவில் நடந்ததில்லை. இங்கேயும் மேற்குச் சுவரை ஒட்டியே போனேன். ஜொகரா தொழுகைப் பாயில் உட்கார்ந்திருந்தார். கட்டில் கிழக்கே சரிந்திருந்தது. அட்டை நழுவிக் கிடந்தது.

“வாங்கம்மா. இறங்கணும்.”

“முத்தத்துல அம்புட்டு ஆம்பளைக நிக்கிறாகளே தாயி. அவுக போகட்டும், வர்றேன்.”

“நடை ஒடுக்கம். அவங்க போக நேரமாகும். அது வரைக்கும் தாங்காது.”

அவர் எழுந்திருக்கவில்லை. கீழே பார்த்தேன். நடையில் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து நின்றார்கள், மற்றவர்கள் முற்றத்திலேயே. நான் மேலிருந்து குரல் கொடுத்தேன்: “ராவுத்தரே, அம்மா வரத் தயங்குறாங்க.”

செய்யது ராவுத்தர் முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. அப்போதும் போடவில்லை.

“பெரியவங்களே, எங்க மதினி இத்தா இருக்காக. அவுக இப்ப இறங்கி வரணும். ஆம்பளைக எல்லாரும் தயவுசெஞ்சு சுவத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்க.”

இத்தா என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் முதலில் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். கேமராக்கள் இறங்கின. பெண்கள் படியடியில் வந்து வரிசையாக நின்று மறைத்தார்கள்; யாரும் சொல்லவில்லை. ஒருவர் சர்பத் தம்ளரைக் கையில் பிடித்தபடியே சுவரைப் பார்த்து நின்றார்.

ஜொகரா எட்டிப் பார்த்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தார். நாங்கள் அறை வாசலைத் தாண்டியபோது கீழே அந்தச் சத்தம் கேட்டது. அவர் சொன்னது சரிதான், சொடக்கு எடுப்பது போலத்தான். ஆனால் நிற்காமல், ஒன்றன் பின் ஒன்றாக. “நிக்காதீங்க, என்னப் பாருங்க” என்றேன். பதினாறு படி. முற்றத்தைக் கடந்து, சமையல்கட்டு வழியாகப் பின்வாசல், அங்கிருந்து அடுத்த வீடு. அது வரை என் கையை அவர் விடவில்லை, நானும்.

கடைசி ஆள் நடையைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும், சிக்கந்தர் இரண்டு முறை எண்ணி, முப்பத்தெட்டு என்றார். செய்யது ராவுத்தர் கடைப் பலகையிலிருந்து எதையும் எடுக்காமல் வெளியே வந்தார்.

பதினொன்று இருபதுக்கு விழுந்தது. பெரிய இடிச் சத்தம் இல்லை. நீளமாக ஒரு முனகல், பிறகு பாரமாக ஏதோ உட்காருவது போல. நடை வழியாகப் புழுதி தெருவுக்கு வந்தது. அதில் கருப்பட்டி வாசனை. நான் தும்மிக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை.

சிக்கந்தர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். “அது அம்மா படுக்குற எடம்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்டோபர் 27, திங்கள்

அதிகாரிகள் வந்தார்கள். சான்றின் நகலை எடுத்துக்கொண்டார்கள். தெரிந்தே கையெழுத்திட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடித் தகட்டை மாற்றியது யார் என்று கேட்டார்கள். சிக்கந்தர் தானாகவே, “நான்தான்” என்றார்.

சவரிமுத்து இடிபாட்டிலிருந்து உத்தரத்தின் முனையை எடுத்துக் காட்டினார். விரலால் அழுத்தினால் ரவை போல உதிர்ந்தது.

நவம்பர் 3, திங்கள்

விசாரணை. விரிசலைப் பார்த்தேன் என்று சொன்னேன். எந்தத் தூண், எந்த உயரம், எத்தனை அகலம், எல்லாம். வக்கீல் என் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். பேச்சியம்மாளின் கணவர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது என்னருகே நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நானும் நின்றேன். படியிறங்கிப் போய்விட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

என் பொறியாளர் பதிவை நிறுத்திவைத்து உத்தரவு வந்தது. இனி சான்று எழுத எனக்கு உரிமை இல்லை. வழக்கு நடக்கும். அரிசி வாங்கினேன். விளக்குமாறு வாங்கினேன்.

நவம்பர் 29, சனி

ஜொகராவின் இத்தா முடிந்து மூன்று நாள். வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். திண்டுக்கல் போனேன்.

முன்பக்கம் தப்பிவிட்டது. கடையில் வியாபாரம் நடக்கிறது. செய்யது ராவுத்தர் தலையசைத்தார். பின்னால் சிக்கந்தர் வேட்டியை மடித்துக் கட்டி, சவரிமுத்துவோடு சேர்ந்து செங்கல் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். “சாப்பிட்டுட்டுப் போங்க மேடம்” என்றார்.

ஜொகரா இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். பழைய ஓட்டு வீடு, மூன்று அறை. சோறும் கறியும் போட்டார். சாப்பிட்டு முடியும்வரை எதுவும் கேட்கவில்லை. பிறகு சொன்னார்:

“இந்த வீடு நிக்குமான்னு பாத்துச் சொல்லுங்க.”

“எனக்கு இப்ப எழுதிக் குடுக்க உரிமை இல்லம்மா. பிடுங்கிட்டாங்க.”

“எழுதி என்ன பண்ணப் போறேன். வாயால சொல்லுங்க.”

சவரிமுத்துவிடம் சுத்தியல் வாங்கி வரச் செய்தேன். மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்தேன். முன்னறை, நடு அறை, சமையல்கட்டு. ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு முழமாகத் தட்டினேன். ஓட்டுச் சட்டங்களை ஏணி வைத்து ஏறிக் கையால் அழுத்திப் பார்த்தேன். ஜொகரா முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை என் பின்னாலேயே வந்து உட்கார்ந்தார். ஐந்தேகால் ஆயிற்று.

எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. சமையல்கட்டின் மேற்குச் சுவரில், ஜன்னலுக்கு அடியில், ஓரிடத்தில் மட்டும் சத்தம் சரியில்லை. மறுபடி தட்டினேன். சிறிய இடம்தான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன்.